விழுந்தான் என்று எழுதினேன்

என் தம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், முதலில் என்னைப் பற்றி நாலு வரி எழுத வேண்டியிருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்தும் போட்டாயிற்று. வேறு வழி தெரியவில்லை.

நான் நர்ஸ். பதினொரு வருடமாக ஒரே இடம், காயத்துக்குக் கட்டுப் போடும் அறை. அங்கே எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சட்டத்திலும் எழுதி வைக்கவில்லை, எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம். ஒரு பெண் அடிபட்டு வந்தால், கூட வந்த ஆளின் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவோம். திரையை இழுத்துவிடுவோம். பஞ்சை நனைத்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்போம்: "யாரும்மா பண்ணது?" முகத்தைப் பார்த்துக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். பஞ்சைப் பார்த்துக் கேட்டால் பத்தில் ஆறு பேர் சொல்லிவிடுவார்கள்.

ஓர் ஆண் வந்தால் கேள்வியே வேறு. "எங்க விழுந்தே?" பைக் என்பான், படிக்கட்டு என்பான். பதிவேட்டில் அதை அப்படியே எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்.

பெண்களின் காயத்தைப் படிப்பதில் நான் கெட்டிக்காரி என்று பேர். டாக்டர்களே கூப்பிட்டுக் கேட்பார்கள். படியில் விழுந்தேன் என்பவளின் முழங்கையில் சிராய்ப்பு இல்லையென்றால் அவள் விழவில்லை. இருபது, இருபத்திரண்டு வயதுப் பெண்கள், கல்யாணமே ஆகாதவர்கள், காதலன் முறுக்கிய விரலோடு வருவார்கள். "அவருக்கு என் மேல பாசம் ஜாஸ்தி, அதான் கோபம்" என்பார்கள். "பாசமா? உன் போனைப் பிடுங்கிப் பார்க்கிறவன் நாளைக்கு உன்னைப் பூட்டி வைப்பான், எழுதி வச்சுக்கோ" என்று எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்பேன். எல்லாம் ஊருக்கு உபதேசம்.

இனி அவன்.

என்னைவிட ஒன்பது வயது சின்னவன். லிஃப்ட் மெக்கானிக். கூட வேலை செய்பவர்கள் வைத்த பேர் பல்லி. லிஃப்ட் ஏறி இறங்கும் அந்த இருட்டுக் குழியின் சுவரில் எங்கே கால் வைக்கலாம் என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவன் காலுக்குத் தெரியும். வீட்டிலும் ஓரிடத்தில் நிற்க மாட்டான். சாப்பிடும்போது ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். நன்றாக ஓடும் மிக்ஸியைப் பிரிப்பான், திரும்பப் பூட்டும்போது ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போட்டிருக்கான்மா" என்பான். அம்மா கரண்டியோடு துரத்துவாள். அவன் வாய் ஓய்ந்தால் காய்ச்சல் என்று அர்த்தம். நான் தொட்டே பார்க்க மாட்டேன், நேரே மாத்திரையை எடுத்துக் கொடுப்பேன்.

அப்பா உயிரோடு இருந்தவரை அம்மா மேல் கை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் அலமாரிக்குப் பின்னால் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவன் காதைப் பொத்துவேன். என் காதைப் பொத்த ஆளில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, தம்பிக்குப் பத்து வயதிருக்கும், ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் பெரியவனானா பொம்பளைங்க மேல கை வைக்க மாட்டேம்மா" என்றான். அம்மா அழுதாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினான், பாவி.

அவன் காதலித்த பெண் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து பவர் சொல்பவள். ஆறு மாடிக் கட்டடம், மூன்றாம் மாடியில் கடை. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுபோய் அவள் உள்ளே மாட்டிக்கொண்டாள். இவன் போய், கதவைக் கையளவு திறந்து, தரையில் குப்புறப் படுத்து, நாற்பது நிமிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறான். மின்சாரமும் மோட்டாரும் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்கினானாம். அதைக் கேட்டும் ஒருத்தி காதலித்தாள் என்றால் நல்ல பெண்ணாகத்தான் இருப்பாள் என்று நினைத்தேன். "லிஃப்ட்ல மாட்டினது அவ, மாட்டப்போறது நீ" என்று ஜோக் வேறு அடித்தேன்.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது. இதையும் சொல்லிவிட வேண்டும். சுறுசுறுப்பு, சொந்தக் காலில் நிற்பவள், யாருக்கும் பயப்படாதவள். வீட்டுக்கு வந்த முதல் நாளே அம்மாவின் கண்ணைச் சோதித்தாள், பழைய கண்ணாடியைக் கழற்றி வாங்கி, காதுக்குப் பின்னால் உறுத்தாதபடி வளைத்துப் போட்டுவிட்டாள். அம்மா அன்றைக்கே அவளை மருமகளாக எடுத்துக்கொண்டாள். என்னை வாய் நிறைய அக்கா என்பாள். வாரத்தில் மூன்று நாளாவது எனக்குப் போன் வரும்.

"அக்கா, இவர் போனே எடுக்க மாட்டேங்கிறார். மூணு தடவை அடிச்சிட்டேன். எனக்கு நெஞ்சு படபடன்னு வருது. வேற யாராவது இருக்காங்களாக்கா?"

லிஃப்ட் குழிக்குள் சிக்னல் கிடைக்காது. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தும் அவன் வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொள்வேன். "ஒரு பொண்ணை இப்படியா அழவிடுவே? ஒரு நிமிஷம் வெளிய வந்து பேசினா உன் கிரீடம் இறங்கிடுமா?" அவன் சிரிப்பான். நாலு நாளில் ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. போன் மூன்றாவது தடவை மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டும். எந்தக் கட்டடத்தில் வேலையோ அங்கிருந்து ஒரு போட்டோ. கூட யார் இருக்கிறார்கள் என்று ஒரு போட்டோ. குழியிலிருந்து கால் மணிக்கு ஒருமுறை மேலே ஏறி, மொட்டைமாடியில் நின்று சிக்னல் தேடி, திரும்ப இறங்குவான். வீட்டில் நாங்கள் இதை வைத்து என்னமாய்ச் சிரித்தோம்! "கல்யாணத்துக்கு முன்னாடியே மூக்கணாங்கயிறு போட்டுட்டா" என்றேன். "கண்டிப்பா இருக்கிறது நல்லதுதான், உங்கப்பனை யாராவது இப்படிக் கண்டிச்சிருந்தா" என்று அம்மா பாதியில் நிறுத்தினாள்.

இதையே ஒருவன் ஒரு பெண்ணுக்குச் செய்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று மேலே எழுதிவிட்டேன். திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது.

முதல் தடவை என் அறைக்கு வந்தபோது புருவம் கிழிந்திருந்தது. ஐந்து தையல்.

"எங்கடா விழுந்தே?"

"லிஃப்ட் கதவுக்கா. டக்னு மூடிடுச்சு."

எழுதினேன். பணியிடத்தில் கதவு இடித்தது.

இரண்டாவது தடவை இடது தோளுக்குப் பின்னால் சூடு. மேலே கூராக, கீழே அகலமாக, இஸ்திரிப் பெட்டியின் மூக்கு எப்படியோ அப்படி. அந்த வடிவத்தை நான் நாலு பெண்களின் உடம்பில் பார்த்திருக்கிறேன். நாலு தடவையும் திரையை இழுத்திருக்கிறேன். இவன் "மோட்டார் மேல சாஞ்சுட்டேன்" என்றான். நான், "கவனமா வேலை செய்யக் கூடாதா எருமை" என்று முதுகில் தட்டினேன். சூட்டுக்குப் பக்கத்திலேயே தட்டினேன். எழுதினேன். பணியிடத்தில் சூடு.

மூன்றாவது, காது. இடது காதில் சவ்வு கிழிந்து ரத்தம். ஓங்கி அறைந்தால் இப்படிக் கிழியும் என்று புதிதாக வரும் நர்ஸ்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவள் நான்தான். ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னான். விழுந்தான் என்று எழுதினேன். அன்றைக்கு வார்டில் கூட்டம். சின்னப் பெண் ஒருத்தி கை முறிந்து காத்திருந்தாள், அவள் கூட ஒரு தடியன். அவளைத் தனியாகப் பிடித்துப் பேச வேண்டும் என்ற அவசரத்தில் இவனைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். எனக்கு எந்தச் சதையும் ஆடவில்லை.

வாய் ஓய்ந்துபோயிருந்தான். அதைக் கவனித்தேன். கல்யாணக் கவலை என்று நினைத்தேன். பதிவுத் திருமணத்துக்குத் தேதி வாங்கியாகிவிட்டது, திங்கட்கிழமை காலை பத்து மணி. அம்மா புதுப்புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள்.

அதற்கு முந்தைய புதன்கிழமைதான் தாடி என்று அவர்கள் கூப்பிடும் ஆள் வந்தார். தம்பியோடு ஜோடியாக வேலை செய்பவர், நாற்பது வயது. முழங்கை பிளந்து சட்டை முழுக்க ரத்தம். வலியைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

"சிஸ்டர், உங்க தம்பி இன்னைக்கு என்னைக் கொன்னிருப்பான்."

"உக்காருங்க. முதல்ல கையைக் குடுங்க."

"உக்கார முடியல, நின்னுக்கிட்டே தைங்க."

நின்றுகொண்டேதான் தைத்தேன். அவர் சொன்னது இது. லிஃப்ட் குழியின் அடியில் ஒருவர் இறங்கி வேலை செய்யும்போது, மேலே இயந்திர அறையில் மற்றவர் மெயின் சுவிட்சை அணைத்து அதில் ஒரு பூட்டைத் தொங்கவிட வேண்டும். சாவி அணைத்தவன் பையில் இருக்க வேண்டும். அந்தப் பூட்டு தொங்கும்வரை கட்டட முதலாளியே வந்தாலும் லிஃப்டை ஓட்ட முடியாது. இவர்கள் வேலையில் அதுதான் உயிர். அன்றைக்குத் தாடி கீழே இறங்கிவிட்டார். தம்பி சுவிட்சை அணைத்தான். பூட்டைக் கையில் எடுத்தான். அந்த நேரம் பார்த்து போன் அதிர்ந்தது. மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுக்க வேண்டுமே. பூட்டும் கையுமாக மொட்டைமாடிக்கு ஓடினான். லிஃப்ட் ஓடவில்லை என்று யாரோ சொல்ல, காவலாளி மாடியேறி வந்து பார்த்தார், சுவிட்ச் அணைந்திருந்தது, பூட்டு இல்லை, போட்டுவிட்டார். தாடியின் தலைக்கு மேல் லிஃப்ட் இறங்க ஆரம்பித்தது.

"குழிக்குள்ள லிஃப்டை நிறுத்த ஒரு சிவப்பு பட்டன் இருக்கு. இறங்கினதுமே அமுக்கியிருக்கணும், நானும் அமுக்கல, பொய் சொல்லக் கூடாது. சத்தம் கேட்டதும் பாய்ஞ்சு அடிச்சேன். கை முட்டி கம்பியில கிழிஞ்சிடுச்சு. தலை தப்பிச்சுது."

"நான் அவனைக் கேக்கறேண்ணே. நல்லாக் கேக்கறேன்."

"நீங்க என்னத்தைக் கேப்பீங்க? நான் மேல ஏறிப் போய் சட்டையைப் பிடிச்சேன் சிஸ்டர். போன் ஆன்ல இருக்கு, அந்தப் பொண்ணு கத்துது. என்ன வார்த்தை தெரியுமா? என் வாயில வராது. இவன் என்னைப் பார்த்து, 'அண்ணே, சத்தம் போடாதீங்க, நீங்க யாருன்னு கேப்பா'ங்கிறான். செத்துப் பொழைச்சவன் நான், அவனுக்கு அவளுக்குப் பதில் சொல்றதுதான் பயம்." மற்றக் கையால் நெற்றியைத் துடைத்தார். "அவன் ஆறு மாசமா எங்க முன்னாடி சட்டையைக் கழட்டறதில்ல. உள்ள கிரீஸாகும், வியர்க்கும், நாங்க எல்லாரும் பனியனோட நிப்போம். அவன் மட்டும் முழுக்கை. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதா? நீங்கதான மருந்து போடுறீங்க?"

ஏழாவது தையல் கோணலாகப் போனது. பிரித்துத் திரும்பப் போட்டேன்.

மீதி டூட்டியை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. மாலையில் பதிவேடுகள் இருக்கும் அலமாரியைத் திறந்து மூன்று பக்கங்களையும் தேடி எடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். ஒவ்வொரு எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது.

கம்பெனி அவனை ஒரு வாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நான் வியாழக்கிழமை முழுக்க டூட்டி மாற்ற ஆள் தேடி அலைந்தேன். வெள்ளி காலை வீட்டில் அவன் கூடத்தில் மேஜை விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போன் அவன் முழங்காலுக்குப் பக்கத்தில், முகம் மேலே பார்க்க வைத்திருந்தான். அம்மாவைத் தையல்காரரிடம் அனுப்பினேன். கதவைச் சாத்தினேன். எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடைசியில் தரையில் அவன் எதிரில் உட்கார்ந்து, ஸ்க்ரூக்களைச் சிறிது பெரிதாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தேன். ஸ்க்ரூவைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"யாருடா பண்ணது?"

"எதை?"

"தோள்ல."

"மோட்டார்னு சொன்னேனேக்கா."

"மோட்டாருக்கு மூக்கு இருக்கா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. விசிறியின் இறக்கையைத் துடைத்தான், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். நான் ஸ்க்ரூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வார்டில் எத்தனையோ பேருக்காக இப்படிக் காத்திருக்கிறேன்.

"அவ வேணும்னு பண்றதில்லக்கா," என்றான். "கோபம் வந்தா கையில என்ன இருக்குன்னு பார்க்க மாட்டா. அன்னைக்கு அவ வீட்ல இஸ்திரி போட்டுக்கிட்டிருந்தா."

எல்லாப் பெண்களும் சொல்லும் அதே வரி, ஒரு சொல் மாறாமல். எனக்கு எழுந்து எதையாவது உடைக்க வேண்டும் போல இருந்தது.

"நீ தடுக்கலயா?"

"தடுத்தா அவளுக்குப் படும். என் கை முரட்டுக் கை. அப்பா கை." அதைச் சொல்லிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தான். "நல்லா இருக்கிற நேரத்துல அவ மாதிரி யாரும் கிடையாதுக்கா. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப ராத்திரி முழுக்கத் தூங்காம பார்த்துக்கிட்டா. அப்புறம் அழுவா. கால்ல விழுவா. கல்யாணம் ஆனா பயம் போயிடும், சரியாயிடுவா."

"ஆக மாட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது ஒண்ணுதாண்டா எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்லிடு. நாளைக்கே சொல்லு."

"ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்." குரல் இறங்கிவிட்டது. "'நீ விட்டுட்டுப் போனா, நீதான் என்னை அடிச்சேன்னு போலீஸ்ல சொல்வேன், யாரை நம்புவாங்கன்னு பார்க்கலாம்'னு சொன்னா. உண்மைதானேக்கா? நானும் போய்ச் சொல்றேன்னு வை. ஆஸ்பத்திரிச் சீட்டு கேப்பாங்க. அதுல என்ன எழுதியிருக்கு? கதவு, மோட்டார், ஏணி. எழுதினது யாரு? சொந்த அக்கா."



"நீ பொய் சொன்னியேடா," என்றேன். எவ்வளவு அற்பமான பதில்.

"சொன்னேன். நீ ஒரு தடவை திருப்பிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். காது கிழிஞ்சப்ப சொல்லணும்னுதான் வந்தேன். நீ அந்தக் கை முறிஞ்ச பொண்ணுக்கிட்ட ஓடிட்டே." குறையாகச் சொல்லவில்லை, விசிறி ஏன் ஓடவில்லை என்று விளக்குவது போலத்தான் சொன்னான். "அந்தப் பொண்ணுக்கும் பாவம், வலிச்சிருக்கும்."

அம்மா திரும்பி வந்ததும் அவளிடம் சொன்னேன். அம்மா முதலில் சிரித்தே விட்டாள். "பொம்பளைப் புள்ளை அடிச்சா என்னடி, பூ விழுந்த மாதிரி. நான் வாங்கினதை எல்லாம் யாருகிட்ட போய்ச் சொன்னேன்? தேதி வாங்கியாச்சு, நாலு பேருக்குச் சொல்லியாச்சு." நான் கத்தினேன். அம்மாவும் கத்தினாள். அடி வாங்கியவன் நடுவில் உட்கார்ந்து விசிறியைப் பூட்டி முடித்தான். ஒரு ஸ்க்ரூவும் மிஞ்சவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், அவள் கடையில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நேரில் சொல்கிறேன் என்று போனான். போனில் சொல் என்றேன், கேட்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்றான். அவன் திரும்பும்வரை நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். குழாயைத் திறந்தேன், மூடினேன். மூன்றரைக்கு வந்தான். "சொல்லிட்டேன்" என்றான். போய்ப் படுத்துக்கொண்டான். போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாற்பத்திரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் அவன் தோள் தூக்கிப் போட்டது. கடைசியில் நான் எடுத்து அணைத்தேன். அணைத்த பிறகும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஞாயிறு காலை அவளே வந்துவிட்டாள். அழுது வீங்கிய முகம், கசங்கிய உடை. நாற்காலியில் உட்காராமல் நேரே என்னிடம் வந்து வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் நீலம் பூத்திருந்தது. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் இன்னொரு பக்கம்.

"பாருங்கக்கா, உங்க தம்பி பண்ணதை. எல்லாப் பொண்ணுங்களுக்கும் நியாயம் கேக்கறவங்கதானே நீங்க? இதுக்கு என்ன சொல்றீங்க?"

அந்தக் கையை வாங்கிப் பார்த்தேன். தடம் பொய்யில்லை. வலித்திருக்கும். ஓங்கிய கையைத் தடுத்துப் பிடித்தாலும் இப்படித்தான் வரும், முறுக்கிப் பிடித்தாலும் இப்படித்தான் வரும். வேறு எந்த நாளாக இருந்தாலும் எனக்குச் சந்தேகமே வந்திருக்காது. அவள் கண் என் கண்ணை விடவில்லை. பதினொரு வருடமாக யார் பக்கம் நிற்கிறேனோ அந்தப் பக்கத்தில்தான் அவள் நின்றிருந்தாள். ஒரு கணம், ஒரே கணம், தம்பியை நான் சந்தேகப்பட்டேன். அதையும் மறைக்கப் போவதில்லை. அப்பாவின் கை என்று அவன் சொன்னது காதில் கேட்டது.

"நீ பண்ணதா?" என்று அவனைக் கேட்டேன்.

"ஆமாக்கா. மேஜையில இருந்த, மூக்குக்கண்ணாடி மாட்டுற ஸ்டாண்டை ஓங்கினா. இரும்பு. பிடிச்சேன். விடல, கெட்டியாப் பிடிச்சேன்."

"அவர் சொல்றாரே, கேட்டீங்களா? பிடிச்சாராம்!" என்றாள் அவள்.

"கேட்டேன்" என்றேன். மருந்துப் பெட்டியை எடுத்து வந்து அவள் மணிக்கட்டில் களிம்பு தடவினேன். என் கை அதை மட்டும் ஒழுங்காகச் செய்தது. அவள் மூச்சு மெல்லச் சீரானது. தான் ஜெயித்துவிட்டதாக நினைத்திருப்பாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லுங்கக்கா. நான் எல்லாத்தையும் மறந்துடறேன்" என்றாள்.

"நாளைக்கு யாரும் வரலம்மா. இந்தக் கல்யாணம் இல்ல."

"அப்ப நான் போலீஸுக்குப் போவேன்."

"போ. இந்தத் தடத்தை அளந்து நானே எழுதித் தர்றேன், ஒரு விரல்கூடக் குறைக்க மாட்டேன். அதே சீட்டுல அவன் உடம்புல இருக்கிறதையும் எழுதுவேன். முன்னாடி மூணு தடவை தப்பா எழுதினேன்னும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். வேலை போனா போகட்டும்." திரும்பினேன். "சட்டையைக் கழட்டுடா."

அவன் அசையவில்லை. கூச்சம். மூன்று பெண்கள் முன்னால் எப்படி அவிழ்ப்பான்? அம்மாதான் எழுந்து போய், சின்ன வயதில் குளிப்பாட்டுவதற்குக் கழற்றுவாளே அப்படி, ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினாள். அவளும் அதுவரை பார்த்ததில்லை. நானும் முழுசாகப் பார்த்ததில்லை. தோளில் இஸ்திரியின் மூக்கு. அதற்குக் கீழே நகக் கோடுகள், ஆறியவை மேல் ஆறாதவை. இடுப்புக்கு மேலே பல் தடம். மேல் கையில் சின்னச் சின்னக் கிள்ளல், வரிசையாக, போனை எடுக்கத் தாமதமான நாளுக்கு ஒன்று என்று பிறகு சொன்னான். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பூ என்று சொன்ன வாய்.

அவள் பார்த்தாள். அவள் ஏதாவது கத்துவாள், மறுப்பாள், எங்கள் மேல் பாய்வாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் பாயவில்லை. அவன் பின்னால் போய், தோளுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனாள், தொடவில்லை. பிறகு பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். கதவருகில் நின்று திரும்பினாள். நடிப்பு என்று சொல்லிவிட ஆசைதான். இல்லை, அவள் முகத்தில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"எனக்குத் தெரியலடா," என்றாள். "நீ சிரிச்சுக்கிட்டே இருப்பியே. உனக்கு வலிக்கும்னு நான் நினைக்கவே இல்ல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

அவன் சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. நிமிர்ந்தான்.

"வலிச்சுது" என்றான்.

அவளுக்குச் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.